வாரேன்

ஐப்பசி மழையில்
ட்ரான்ஸ்பார்மர் மேடைக்கு அடியில் சுருண்டு கிடந்தது.
முழுக் கருப்பு. இடது காதில் மட்டும்
சுண்ணாம்பு தெறித்தாற்போல் ஒரு பொட்டு.
பியூஸ் போடப் போனவன்
டூல்ஸ் பையில் நாயோடு சேரன்மகாதேவி வந்துசேர்ந்தேன்.
பேரும் பியூசு என்றே நின்றுவிட்டது.

"இதுக்குச் சேத்து யாரு அள்ளுவா?" என்றாள் சண்முகவடிவு.
ராத்திரி பால்சோறு பிசைந்ததும் அவள்தான்.

தைக்குள்
மூன்று ரப்பர் செருப்பு, ஒரு கையுறை,
வேணியின் பிசிக்ஸ் ரெக்கார்டில் பாதி.
பழக்கியே ஆகணும் என்று முடிவானது.

நான் 'இரு' என்பேன்.
வடிவு 'உக்காருல' என்பாள்.
வேணிக்கு 'சிட்'.
மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு
அது நடுவில் படுத்துக்கொள்ளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
ஆட்டு ஈரலைப் பொடியாய் நறுக்கிக்கொண்டே பேசி
ஒரே சொல்லுக்கு வந்தோம்.
வேணிக்குப் பேச்சு வந்த நாள்முதல்
மூவரும் ஒத்துப்போன முதல் சங்கதி.

இரு.

பின்பாதி தரையைத் தொட்ட நொடியில்
ஈரல் வாயில் விழணும்.
ஒரு மூச்சு பிந்தினாலும்
எழுந்ததற்குக் கூலியாகிவிடும்.
அது கற்றதைவிட
என் கைதான் அதிகம் கற்றது.

'வா' லேசு.
'வால' என்றால் போதும்,
வாலே முன்னால் வந்து நிற்கும்.

சிக்கல் காலையில்.
கேட்டருகே 'இரு' என்பேன். இருக்கும்.
வண்டியை உதைத்துவிட்டு அடுக்களைப் பக்கம்
"போய்ட்டு வாரேன்" என்பேன்.
எழுந்து ஓடிவரும்.
ரெண்டு நாள் திட்டினேன்.
மூணாம் நாள் கால்வாய்ப் பாலம் தாண்டும்போது உறைத்தது:
அது சரியாய்த்தான் கேட்டிருக்கிறது.
'வா' என்றது நான்.

சொல்லாமல் போய்ப் பார்த்தேன்.
"கம்பத்துல ஏறுத மனுசன்
வாரேன்னு சொல்லாமப் போவாகளா?"
வடிவு தூக்குவாளியை டொக்கென்று வைத்தாள்.
'போறேன்' என்று மொட்டையாய்ச் சொல்ல
எனக்கே நாக்கு எழவில்லை.

நானும் ஒரு சொல்லை நம்பித்தான் ஏறுகிறேன்.
சப்ஸ்டேஷனிலிருந்து அருளப்பன்
"ஆஃப் பண்ணியாச்சு" என்பார்.
முகம் பார்த்ததில்லை. குரல் தெரியும்.
அதற்கு மேல் எர்த் ராடும் போட்டுக்கொள்வேன்.
அது வேற.

வார்த்தையை மாற்ற முடியாது.
அர்த்தத்தைப் பழக்கினேன்.
"போய்ட்டு வாரேன்." ஒரு எட்டு. திரும்பினேன். ஈரல்.
"போய்ட்டு வாரேன்." முருங்கை வரை. ஈரல்.
தெருக்குழாய் வரை.
செல்லப்பா டீக்கடை வரை.
"என்ன அண்ணாச்சி, வாரிய, பாக்கிய,
ஒண்ணும் குடிக்காமப் போறிய?"
எப்படிச் சொல்ல?

நாற்பது நாள்.
போன தடவையெல்லாம் வந்தேன்.
வராமல் அந்தச் சொல்லைப் பழக்க
வேறு வழி இல்லை.

ஒருநாள் கூனியூர்ப் பக்கம் காற்றில் கம்பி அறுந்து
நான் வர நள்ளிரவாயிற்று.
கேட்டில் காத்திருக்கும் என்று நினைத்தேன்.
புதுக் கையுறையைத் தலைக்கு வைத்துத்
தூங்கிக்கொண்டிருந்தது.
ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது.
மூடிக்கொண்டது.

ஆவணியில் வேணிக்குக் கோயம்புத்தூரில் இடம் கிடைத்தது.
ஆட்டோவில் ரெண்டு பெட்டி, ஒரு வாளி, ஒரு தலையணை.
குனிந்து வெள்ளைப் பொட்டை நீவினாள்.
"பியூசு, இரு."
நிமிர்ந்து எங்களிடம்,
"போய்ட்டு வாரேன்."

இருந்தது.
காதுகூட அசையவில்லை.

ஆட்டோ நகர்ந்தது.
முருங்கையைத் தாண்டி, தெருக்குழாயைத் தாண்டி
யாரும் கூப்பிடாமலே
அதன் பின்னால் நடந்துகொண்டிருந்தேன்.

முதுகுக்குப் பின்னால் வடிவின் குரல்:
"இருங்க."